0% கார்டு எடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி: லண்டனில் ஹாரோ பக்கம் இருக்கிறோம். இந்தியாவிலிருந்து வந்து நாலு வருடம் ஆகிறது. என் பழைய கிரெடிட் கார்டில் 2,400 பவுண்ட் கடன் நிற்கிறது. மாதம் 2 சதவீதத்தை ஒட்டி வட்டி ஏறுகிறது. டிசம்பரில் நானும் மனைவியும் சென்னை போய்வர டிக்கெட்டுக்கு இன்னொரு 1,600 பவுண்ட் வேண்டும். எல்லாச் செலவும் போக மாதம் 200 பவுண்ட் ஒதுக்க முடியும். முதல் சில மாதங்கள் வட்டியில்லை என்று வரும் கார்டுகளில் எதை எடுப்பது? அதிக மாதம் தருவதை எடுத்தால் போதுமா? மனைவி பெயரிலும் ஒன்று எடுக்கலாமா?

பதில்:

அதிக மாதம் தரும் கார்டுதான் சிறந்தது என்று விளம்பரங்கள் நம்மை நினைக்க வைக்கின்றன. உங்களுக்கு எத்தனை மாதம் தேவை என்பதை நீங்களே கணக்குப் போட்டுவிட்டு, அதற்குப் பொருந்தும் கார்டைத் தேடுவதுதான் சரியான வரிசை. மாதம் 200 பவுண்ட் என்று நீங்களே சொல்லிவிட்டதால் பாதி வேலை முடிந்தது. கேட்பவர்களில் பெரும்பாலானோர் அந்த எண்ணைச் சொல்வதில்லை. அது இல்லாமல் யாராலும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்களிடம் இருப்பது இரண்டு வேறு தேவைகள். 2,400 பவுண்ட் ஏற்கனவே வாங்கிய கடன். 1,600 பவுண்ட் இனிமேல் செய்யப்போகும் செலவு. பிரிட்டனில் இவை இரண்டுக்கும் தனித்தனி கார்டுகள் இருக்கின்றன. பழைய கடனைப் புதிய கார்டுக்கு மாற்றி, குறிப்பிட்ட மாதங்கள் வரை வட்டியில்லாமல் அடைப்பது பேலன்ஸ் ட்ரான்ஸ்ஃபர் கார்டு. புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாமல் தவணையாகக் கட்டுவது பர்ச்சேஸ் கார்டு. இரண்டையும் சேர்த்துத் தரும் கார்டுகளும் உண்டு. கார்டிலிருந்து வங்கிக் கணக்குக்குப் பணமாகவே மாற்றித் தரும் மணி ட்ரான்ஸ்ஃபர் கார்டு என்று ஒன்றும் இருக்கிறது. உங்களுக்கு அது தேவைப்படாது. பெரிய எழுத்தில் ‘0%’ என்று போட்டிருக்கும் விளம்பரத்தைப் பார்த்தால், எதற்கு 0% என்பதை முதலில் படியுங்கள். ட்ரான்ஸ்ஃபருக்கு மட்டும் 0% தரும் கார்டில் டிக்கெட் எடுத்தால் அந்த டிக்கெட் தொகைக்கு வழக்கமான வட்டிதான் விழும்.

இப்போது கணக்கு. 200 பவுண்டில் 120ஐப் பழைய கடனுக்கும் 80ஐ டிக்கெட்டுக்கும் ஒதுக்குவதாக வைத்துக்கொள்வோம். பழைய கடனை இப்போதிருக்கும் கார்டிலேயே விட்டுவிட்டு மாதம் 120 கட்டினால், முதல் மாதம் 48 பவுண்ட் வட்டிக்கே போய்விடும்; அசலில் குறைவது 72 பவுண்ட்தான். இப்படியே போனால் கடன் தீர 26 மாதம் ஆகும். மொத்த வட்டி ஏறக்குறைய 695 பவுண்ட். அதே கடனை 3 சதவீதக் கட்டணம் உள்ள ட்ரான்ஸ்ஃபர் கார்டுக்கு மாற்றினால் கட்டணம் 72 பவுண்ட். அது கடனோடு சேர்ந்து 2,472 ஆகும். மாதம் 120 வீதம் 21 மாதத்தில் முடிந்துவிடும். ஆக, உங்களுக்குத் தேவை ட்ரான்ஸ்ஃபருக்கு 21 மாதம், டிக்கெட்டுக்கு 20 மாதம். கார்டு கைக்கு வரும் நாளுக்கும் முதல் தவணைத் தேதிக்கும் இடையே கொஞ்ச நாள் நழுவும் என்பதால் இரண்டிலும் ஓரிரு மாதம் கூடுதலாக இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் நீளமான கால அளவுக்காகக் காசு கொடுக்க வேண்டாம்.

ஆமாம், நீளத்துக்கு விலை உண்டு. பொதுவாக 0% காலம் நீள நீள மாற்றும் கட்டணமும் ஏறும். கட்டணமே இல்லாத கார்டுகளில் மாதங்கள் குறைவாக இருக்கும். உதாரணத்துக்கு ஒரு கார்டு 28 மாதமும் 3.5 சதவீதக் கட்டணமும் சொல்கிறது, இன்னொன்று 14 மாதம், கட்டணம் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் நீங்கள் 84 பவுண்ட் கட்டுவீர்கள். இரண்டாவதில் ஒன்றுமில்லை, ஆனால் மாதம் 172 பவுண்ட் கட்டினால்தான் காலத்துக்குள் முடியும். டிக்கெட் செலவு இல்லாதிருந்தால் உங்களுக்கு இரண்டாவதுதான் நல்லது என்று தயங்காமல் சொல்லியிருப்பேன். அந்தப் பயணத்தை ஒரு வருடம் தள்ளிப்போட முடியுமா என்று வீட்டில் ஒருமுறை பேசிப் பாருங்கள். ஊரில் வயதான பெற்றோர் இருந்தால் அது எளிதான பேச்சு இல்லை என்பது எனக்குத் தெரியும். போகத்தான் வேண்டும் என்றால் போய் வாருங்கள், கணக்கு அதற்கும் இடம் தருகிறது.

விளம்பரத்தில் இரண்டு இடங்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒன்று, ‘26 மாதம் வரை’ என்பதில் உள்ள ‘வரை’. விண்ணப்பித்த பிறகு, உங்கள் கடன் வரலாற்றைப் பார்த்து, 26க்குப் பதில் 18 மாதமோ 15 மாதமோதான் தருவோம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. ‘வரை’ இல்லாமல் எல்லோருக்கும் ஒரே காலம் என்று உறுதியாகச் சொல்லும் கார்டுகளும் இருக்கின்றன. உங்களைப் போல் சரியாக 21 மாதம் தேவைப்படுபவருக்கு, ‘26 மாதம் வரை’ என்பதைவிட ‘நிச்சயமாக 22 மாதம்’ என்பது மேல். இரண்டாவது, ‘ரெப்ரசென்டேட்டிவ் ஏ.பி.ஆர்.’ என்ற ஆண்டு வட்டி விகிதம். அந்த விளம்பரத்தின் மூலம் ஏற்றுக்கொள்ளப்படுபவர்களில் குறைந்தது 51 சதவீதம் பேருக்கு அந்த விகிதமோ அதைவிடக் குறைந்ததோ கிடைத்தால் போதும் என்பதுதான் விதி. மீதிப் பேருக்கு அதைவிடக் கூடுதலாகப் போடலாம். 0% காலத்துக்குள் முழுவதையும் அடைத்துவிட்டால் அந்த விகிதம் உங்களைத் தொடாது. அடைக்காமல் மிச்சம் வைத்தால் அதே விகிதத்தில் வட்டி ஓட ஆரம்பிக்கும்.

இந்த இடத்தில் ஒரு நல்ல செய்தி: பிரிட்டிஷ் 0% கிரெடிட் கார்டில், காலம் முடிந்தபின் மிச்சமிருக்கும் தொகைக்கு அன்றுமுதல்தான் வட்டி. ஆரம்ப நாளுக்குத் திரும்பிப் போய் வட்டி போடுவதில்லை. அமெரிக்காவில் பல கடைக் கார்டுகள் அப்படிப் போடுகின்றன. ‘காலத்துக்குள் முழுவதும் கட்டினால் வட்டியில்லை’ என்று அங்கே எழுதியிருந்தால் அதுதான் அர்த்தம். அங்கே இருக்கும் உறவினர் சொல்வதை இங்கே அப்படியே பொருத்திக் குழம்ப வேண்டாம். ஆனால் பிரிட்டனிலும் தவணைக்கு விற்கும் சில கடைகளின் ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ திட்டங்களில் பின்தேதியிட்ட வட்டி உண்டு. டிவியோ சோபாவோ வாங்கும்போது கவுண்டரில் அப்படி ஒன்றை நீட்டினால் நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சரி, உங்களுக்குக் கிடைக்குமா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? நேரே விண்ணப்பித்துப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முழு விண்ணப்பமும் உங்கள் கடன் பதிவில் ‘ஹார்ட் சர்ச்’ என்று பதிவாகிறது. அடுத்து நீங்கள் போகும் வங்கி அதைப் பார்க்கும். குறுகிய காலத்தில் நாலைந்து இடத்தில் விண்ணப்பித்தவர் பணத்துக்குத் தவிக்கிறார் என்றே அது கணக்குப் போடும். அதற்குப் பதில், கார்டு கிடைக்குமா என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்லும் எலிஜிபிலிட்டி செக்கர் என்ற ஆன்லைன் வசதி இருக்கிறது. அது ‘சாஃப்ட் சர்ச்’ மட்டும் செய்யும். அது உங்கள் கண்ணுக்குத் தெரியும், மற்ற வங்கிகளின் கண்ணுக்குத் தெரியாது. எத்தனை கார்டுக்கு வேண்டுமானாலும் பார்க்கலாம். கிடைக்கும் வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று சொல்லும். சில சமயம் ‘முன்கூட்டியே ஒப்புதல்’ என்றே வரும். சில வங்கிகள் எத்தனை மாதம் 0%, லிமிட் எவ்வளவு என்பதைக்கூட அப்போதே காட்டிவிடும். அந்த விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கார்டுக்கு விண்ணப்பியுங்கள்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இந்தியாவில் பத்து வருடம் ஒழுங்காகக் கட்டிய சிபில் வரலாறு இங்கே பொதுவாக எடுபடாது. எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் என்ற மூன்று கடன் பதிவு நிறுவனங்கள் இங்கே வந்தபின் சேர்ந்த பதிவைத்தான் வைத்திருக்கும். நாலு வருடம் என்பது மோசமில்லை. மூன்றிலும் உங்கள் அறிக்கையை இலவசமாகக் கேட்டு வாங்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. வாங்கிப் பார்த்து, பழைய வீட்டு முகவரி, பெயர் எழுத்து, முடிந்துபோன மொபைல் ஒப்பந்தம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தகப்பனார் பெயரை ஓரிடத்தில் இனிஷியலாகவும் இன்னோரிடத்தில் குடும்பப் பெயராகவும் எழுதுவதால், தமிழர்களின் பதிவு இரண்டாகப் பிரிந்து கிடக்க வாய்ப்புண்டு. வங்கி, மின்சாரம், மொபைல் எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும்.

அதைவிட முக்கியமாக, வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா? பிரிட்டிஷ் குடியுரிமை இல்லையே என்று பலர் அந்தப் பக்கமே போவதில்லை. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். அந்த நாடுகளின் குடிமக்கள் முறையான விசாவோடு பிரிட்டனில் வசித்தால் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம், ஓட்டும் போடலாம். வங்கிகள் நீங்கள் அந்த முகவரியில்தான் இருக்கிறீர்களா என்று சரிபார்க்க இந்தப் பட்டியலைப் பயன்படுத்துகின்றன. ஆன்லைனில் சில நிமிட வேலை, காசு கிடையாது. கணவன் மனைவி இரண்டு பேரும் கார்டுக்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

அடுத்த ஒரு வருடத்துக்குள் வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும், எதையும் தொடுவதற்கு முன் மார்ட்கேஜ் ஆலோசகரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். புது விண்ணப்பமும் கார்டில் நிற்கும் தொகையும் அங்கே கேள்வியாக வரும்.

கார்டு கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பழைய கடனை மாற்றுவதற்கு ஒரு கெடு இருக்கும். கணக்குத் திறந்து 60 நாள் அல்லது 90 நாள் என்பது வழக்கம். அதற்குப் பிறகு மாற்றினால் 0% கிடைக்காமல் போகலாம், கட்டணமும் கூடலாம். ஒரே வங்கியின் இரண்டு கார்டுகளுக்கு இடையே மாற்ற முடியாது. பல நேரம் ஒரே குழுமத்தைச் சேர்ந்த வேறு பெயர் வங்கிக்கும் முடியாது. ஆகவே பழைய கார்டு எந்தக் குழுமம் என்று முதலிலேயே பாருங்கள். லிமிட்டும் நீங்கள் நினைத்த அளவு வராமல் போகலாம். 2,000தான் லிமிட் என்றால் கட்டணத்தையும் சேர்த்து அதற்குள்தான் மாற்ற முடியும். அதனால் மனம் தளர வேண்டாம். மாற்ற முடிந்ததை மாற்றிவிட்டு, பழைய கார்டில் நிற்கும் மிச்சத்தை முதலில் வேகமாக அடையுங்கள். வட்டி ஓடுவது அங்கேதானே.

ட்ரான்ஸ்ஃபர் கேட்ட அன்றே பழைய கார்டை மறந்துவிடக் கூடாது. பணம் போய்ச் சேர சில நாட்கள் ஆகும். நடுவில் வரும் தவணையைக் கட்டியே ஆக வேண்டும். கடன் முழுவதும் மாறியபிறகும், கடைசி ஸ்டேட்மெண்டுக்கும் மாறிய நாளுக்கும் இடையே ஓடிய வட்டி ஒரு சின்னத் தொகையாக அடுத்த மாதம் வந்து நிற்கும். ‘எல்லாம் முடிந்துவிட்டதே’ என்று அதைக் கவனிக்காமல் விட்டு, ஐந்தாறு பவுண்டுக்காகத் தவணை தவறியவர் என்ற பெயரை வாங்கிக்கொள்ளாதீர்கள். பழைய கார்டில் பாக்கி பூஜ்யம் என்று ஸ்டேட்மெண்ட் வரும்வரை டைரக்ட் டெபிட்டை, அதாவது கார்டு நிறுவனம் உங்கள் கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை, நிறுத்த வேண்டாம்.

புதிய கார்டில் முதல் நாளே டைரக்ட் டெபிட் போடுங்கள். ஒரு தவணை தவறினால் 12 பவுண்ட் அளவில் அபராதம் வரும். அது பெரிய விஷயமில்லை. 0% சலுகையையே ரத்துசெய்யப் பல கார்டுகளின் விதி இடம் தருகிறது. அதுதான் பெரிய இழப்பு. ஆனால் டைரக்ட் டெபிட்டை ‘மினிமம் பேமெண்ட்’ என்று விட்டுவிட்டால் வேறு ஆபத்து. கடனில் 1 சதவீதம் அல்லது 25 பவுண்ட், இதில் எது அதிகமோ அது மினிமம் என்று ஒரு கார்டில் இருந்தால், உங்கள் 2,472க்கு மாதம் 25 பவுண்ட்தான் போகும். 21 மாதம் கழித்துப் பார்த்தால் 525 பவுண்ட்தான் கட்டியிருப்பீர்கள். 1,947 பவுண்ட் அப்படியே நிற்கும், அதன்மேல் முழு வட்டி ஓடும். அதனால் நிலையான தொகை என்ற தேர்வை எடுத்து 120 என்று போடுங்கள். அந்த வசதி இல்லையென்றால் மினிமத்துக்கு டைரக்ட் டெபிட்டும், மீதிக்குச் சம்பளம் வந்த மறுநாள் போகும்படி, வங்கி மாதாமாதம் ஒரே தொகையைத் தானாக அனுப்பும் ஸ்டாண்டிங் ஆர்டரும் போடலாம்.

ட்ரான்ஸ்ஃபருக்கு மட்டும் 0% தரும் கார்டை வாங்கினால், அதைக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். சாதாரணக் கார்டில் மாத பில்லை முழுவதும் கட்டினால் ஐம்பது நாளை ஒட்டி வட்டியில்லாத காலம் கிடைக்குமே, பல ட்ரான்ஸ்ஃபர் கார்டுகளில் மாற்றிய கடனையும் சேர்த்து முழுவதும் கட்டினால்தான் அது கிடைக்கும். மளிகைக்குத் தேய்த்த 40 பவுண்டுக்கும் வட்டி விழும். ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பது எந்த 0% கார்டிலும் வேண்டவே வேண்டாம்; எடுத்த நாளிலிருந்து வட்டி, தனியாகக் கட்டணம். கார்டைக் கொடுத்து ஊருக்குப் பணம் அனுப்புவதும், வெளிநாட்டு நாணயம் வாங்குவதும் பெரும்பாலும் பணம் எடுத்த கணக்கில்தான் சேரும். சீட்டுத் தவணை கட்ட இதிலிருந்து பணம் எடுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒருபோதும் கட்டுப்படியாகாது. சென்னையில் போய் இந்தக் கார்டைத் தேய்த்தால் பெரும்பாலும் 3 சதவீதத்தை ஒட்டி வெளிநாட்டுக் கட்டணம் வரும். தி.நகரில் துணி எடுப்பதற்கு வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி டிக்கெட். இதைக் கிரெடிட் கார்டில் எடுப்பதில் வட்டிச் சலுகையைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவு. 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்ட் வரை விலையுள்ள ஒன்றைக் கிரெடிட் கார்டில் வாங்கி, விற்றவர் ஏமாற்றினாலோ திவாலானாலோ, கார்டு நிறுவனமும் விற்றவருக்குச் சமமாகப் பொறுப்பு. விலையில் ஒரு பகுதியை மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் முழுத் தொகைக்கும் கேட்கலாம். டெபிட் கார்டுக்கு இந்தச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. விற்றவரிடமிருந்து பணத்தைத் திரும்பப் பெற வங்கி முயலும் சார்ஜ்பேக் என்ற கார்டு வலையமைப்பு விதிதான் உண்டு. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியது. அதே வருடம் செப்டம்பரில் தாமஸ் குக் என்ற பயண நிறுவனம் மூடப்பட்டது. கையில் டிக்கெட்டோடு நின்றவர்களுக்கு, எதில் பணம் கட்டினோம் என்பதே அப்போது முதல் கேள்வி.

ஆனால் இந்தப் பாதுகாப்புக்கு நீங்கள், கார்டு நிறுவனம், விற்பவர் மூவருக்கும் நேரடித் தொடர்பு வேண்டும். தெரிந்த டிராவல் ஏஜென்ட் மூலம் எடுத்தால் பணம் ஏஜென்டுக்குப் போகிறது; விமான நிறுவனம் விழுந்தால் அந்தத் தொடர்பு அறுந்துபோயிருக்கலாம். நம் தெருக்களில் இருக்கும் ஏஜென்டுகள் மூட்டை முடிச்சுக்கும் தேதி மாற்றத்துக்கும் உதவுவார்கள் என்பது உண்மைதான். அவர்களிடம் எடுப்பதானால், விமானப் பயணத்துக்குக் கட்டிய பணத்துக்குப் பாதுகாப்புத் தரும் ‘அடோல்’ திட்டத்தின் சான்றிதழ் தருவார்களா என்று கேட்டு வாங்குங்கள். விலை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் விமான நிறுவனத்தின் இணையதளத்தில் நேராக எடுப்பதைத்தான் நான் விரும்புவேன்.

ட்ரான்ஸ்ஃபருக்கும் பர்ச்சேஸுக்கும் சேர்த்து ஒரே கார்டு எடுத்தால் ஒரே விண்ணப்பம், ஒரே தவணை. வசதிதான். இரண்டின் 0% காலமும் ஒரே நாளில் முடிகிறதா என்று பாருங்கள். பர்ச்சேஸ் காலம் முன்னதாக முடிகிற கார்டில், இரண்டுமே 0% ஆக இருக்கும் மாதங்களில் நீங்கள் கட்டும் பணம் எதன்மேல் கழிகிறது என்பது அந்தக் கார்டின் விதிப்படிதான் நடக்கும். டிக்கெட்டுக்கு என்று நினைத்துக் கட்டியது பழைய கடனில் கழிந்து, டிக்கெட் தொகை அப்படியே வட்டிக்குள் நுழைந்துவிடலாம். ஒரு பகுதிக்கு வட்டி ஆரம்பித்தபின் உங்கள் பணம் அதிக வட்டியுள்ள பகுதிக்கு முதலில் போக வேண்டும் என்ற விதி 2011லிருந்து இருக்கிறது. அது உதவும், ஆனாலும் முதல் வட்டியை அது தடுக்காது. இரண்டு காலமும் 22 மாதத்துக்குக் குறையாமல் ஒன்றாக இருந்து, லிமிட்டும் 4,100 பவுண்டைத் தொட்டால் ஒரே கார்டு போதும். அப்படி அமைவது எளிதில்லை.

கார்டு வந்தபின் மனம் மாறினால், ஒப்பந்தம் ஆனதிலிருந்து 14 நாளுக்குள் விலகிக்கொள்ளலாம். அதுவரை எடுத்த பணத்தையும், அதற்கு வட்டி ஏறியிருந்தால் அதையும் திருப்பிக் கட்ட வேண்டும். அப்புறம், ஏதோ காரணத்தால் இந்த 200 பவுண்ட் ஒதுக்க முடியாத நிலை வந்தால், கடனை அடைக்க இன்னொரு கார்டு, அதை அடைக்க இன்னொன்று என்று போகாதீர்கள். ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் மூன்றும் காசு வாங்காமல் ஆலோசனை தருகின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே முதல் ‘பிரீத்திங் ஸ்பேஸ்’ என்ற திட்டம் இருக்கிறது. ஆலோசகர் வழியாகப் பதிந்தால், அதற்குள் வரும் கடன்களுக்கு 60 நாள் வரை பெரும்பாலும் வட்டியும் வசூல் நடவடிக்கையும் நிற்கும். காசு வாங்கிக்கொண்டு கடனைத் தீர்த்துத் தருவதாகச் சொல்பவர்களிடம் போகாதீர்கள்.

கடைசியாக மனைவி பெயரில் கார்டு. உங்கள் கார்டிலேயே அவரைக் கூடுதல் உறுப்பினராகச் சேர்ப்பது எளிது. ஆனால் கடன் முழுவதும் உங்கள் தலையில்தான் இருக்கும், அவருக்கென்று கடன் வரலாறும் பொதுவாக வளராது. அவர் தன் தேவைக்காக அந்தக் கார்டில் வாங்கியதற்கு 75ஆவது பிரிவு செல்லாது என்று வாதிடவும் இடமிருக்கிறது. அவருக்கு வருமானம் இருந்தால், பழைய கடனுக்கான ட்ரான்ஸ்ஃபர் கார்டை நீங்கள் எடுங்கள், டிக்கெட்டுக்கான பர்ச்சேஸ் கார்டை அவர் தன் பெயரில் எடுக்கட்டும். ஆளுக்கு ஒரு விண்ணப்பம்தான் பதிவாகும், இரண்டு 0% காலமும் ஒன்றோடொன்று குழம்பாது, அவருக்கும் இந்த நாட்டில் சொந்தமாக ஒரு வரலாறு சேரும். அந்த 1,600 பவுண்ட் சட்டப்படி அவர் ஒருவரின் கடன் என்பதை இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்ட பிறகு, இரண்டு டிக்கெட்டையும் அவரே எடுக்கட்டும். மாதம் 80 பவுண்ட் உங்கள் கணக்கிலிருந்து அவர் கணக்குக்குத் தவறாமல் போகும்படி இன்றே ஸ்டாண்டிங் ஆர்டர் போட்டுவிடுங்கள்.